கூலிப் பணம் முதலில் பெட்டிக்கு வரட்டும்

ஒரு சோப்பு விற்க வேண்டுமானால் ஒரு சினிமா நட்சத்திரம் வேண்டும் என்றிருந்த காலம் உண்டு. அந்தக் காலம் அடியோடு போய்விடவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு விளம்பர உலகம் வளர்ந்து நிற்கிறது. அல்சூரில் ஒண்டுக் குடித்தன வீட்டு அடுப்படியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு மீன் குழம்பு வைத்துக் காட்டும் குடும்பத் தலைவி. பீனியாவில் ஷிப்டு முடிந்து வந்து, பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிக் காட்டும் இளைஞர். ஸ்ரீராமபுரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இப்படிப்பட்டவர்களைத் தேடி மசாலாக் கம்பெனிகளும், எண்ணெய்க் கம்பெனிகளும், பள்ளிப் புத்தகக் கம்பெனிகளும் வருகின்றன. இவர்களைப் பின்தொடர்ந்து பார்ப்பவர்கள் லட்சக் கணக்கில் இல்லை. 3,000 பேர், 5,000 பேர், மிஞ்சினால் 10,000 பேர்.

அந்தச் சில ஆயிரம் பேருக்காகத்தான் கம்பெனிகள் வருகின்றன. இது தருமம் அல்ல, கணக்கு. நட்சத்திரம் சொன்னால் ஜனங்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அடுத்த வீட்டு அக்கா சொன்னால் கடைக்குப் போவார்கள். அதிலும் பெங்களூர் போன்ற ஊரில், தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி விளம்பரம் சொல்லும் கடை இங்கே இருக்காது. கன்னட விளம்பரம் சொல்லும் பேச்சு எல்லாத் தமிழ் வீட்டுக்கும் எட்டாது. சிக்பேட்டையில் எந்தச் சந்தில் எந்தப் புடவை என்ன விலை என்று தமிழில் சொல்ல, இங்கேயே வாழ்கிற ஒருவர்தான் வேண்டும். சிறியவர்களின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

கம்பெனிக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரு நட்சத்திரம் என்றால் ஓர் ஒப்பந்தம், ஒரு பில், ஒரு செக். 500 சிறியவர்கள் என்றால் 500 ஒப்பந்தம், 500 பில், 500 பட்டுவாடா. எந்த ஆபீஸ் கணக்குப் பிரிவும் இதைக் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்ளும். ஆகவேதான் கம்பெனிகளையும் இந்தச் சிறு வீடியோக்காரர்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் இணையத் தளங்கள் முளைத்திருக்கின்றன. கோரமங்கலாவிலும் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலும் இளம் என்ஜினீயர்கள் இப்படிப்பட்ட தளங்களை வரைந்துகொண்டிருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் இதை வெறும் கம்ப்யூட்டர் விவகாரம் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது. முதலாவதாக இது கூலி விவகாரம்.

மேஸ்திரியும் தளமும்

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இடைத்தரகர் என்பவர் புதியவர் அல்லர். கட்டட வேலைக்குத் தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஆள் சேர்த்து வரும் மேஸ்திரியை அறியாதவர் யார்? காண்டிராக்டரிடம் ஒரு தொகை பேசுவார். ஆளுக்கு ஒரு தொகை கொடுப்பார். நடுவில் நிற்பது அவருடையது. எவ்வளவு நிற்கிறது என்பது சித்தாளுக்குத் தெரியாது. மேஸ்திரி முறையைப் பற்றிக் குறை சொல்ல எவ்வளவோ உண்டு. இருந்தாலும் நல்ல மேஸ்திரி என்று பெயரெடுத்தவருக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது: சனிக்கிழமை பட்டுவாடா தவறாது. காண்டிராக்டர் இழுத்தடித்தாலும் கைமாற்று வாங்கியாவது ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார். கொடுக்காத மேஸ்திரிக்குத் திங்கட்கிழமை காலையில் ஆள் வராது.

வீடியோத் தொழிலில் மேஸ்திரிகள் உண்டு, சனிக்கிழமை இல்லை. கம்பெனி ஒரு விளம்பர ஏஜென்சியிடம் பணம் ஒதுக்குகிறது. ஏஜென்சி, ஆள் பிடித்துத் தரும் இன்னொரு நிறுவனத்திடம் வேலையை விடுகிறது. அங்கிருந்து அது மூன்றாவது ஒருவரிடம் போகிறது. அவர்தான் அல்சூர் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். ஒரு வீடியோவுக்குக் கம்பெனி 10,000 ரூபாய் ஒதுக்கியது, அக்காவின் கைக்கு 3,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், நடுவில் போன 7,000 ரூபாய் யாருக்கு எதற்காகப் போயிற்று என்று கேட்கக்கூட வழியில்லை. கம்பெனி ஒதுக்கிய தொகையே அவருக்குத் தெரியாதே!

அந்த 3,000 ரூபாயாவது கைக்கு எப்போது வரும்? 60 நாள், 90 நாள் என்பது சர்வ சாதாரணமான பேச்சு. கேட்டால், "அக்கவுண்ட்ஸில் இருக்கிறது" என்பார்கள். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டால், "கிளையண்ட் இன்னும் எங்களுக்கே தரவில்லை" என்று பதில் வரும். நாளை வேலை கிடைக்காமல் போய்விடுமே என்று அக்கா வாயை மூடிக்கொள்வார். தொகை சிறியதாக இருப்பதால் வக்கீலிடமும் போக முடியாது. கோர்ட்டுக்குப் போகும் ஆட்டோச் செலவும் அரை நாள் சம்பளமும் கணக்குப் பார்த்தால் விட்டுவிடுவதே லாபம் என்று தோன்றும். ஏமாற்றுகிறவருக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

இதைவிட மோசம் பண்டமாற்று. பணமே கிடையாது; ஒரு பெட்டி ஷாம்பு வரும், அதற்கு ஒரு வீடியோ போட வேண்டும். அரை நாள் படம் பிடித்து, ராத்திரி கண் விழித்து வெட்டி ஒட்டி, "லோகோ சரியாகத் தெரியவில்லை", "சிரித்த முகமாகச் சொல்லுங்கள்" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியதையும் செய்து முடித்தால், கிடைத்தது ஷாம்பு. ஷாம்பைக் கொடுத்து வீட்டு வாடகை கட்ட முடியுமா? இதிலே ஒரு வேடிக்கை உண்டு. இப்படி இலவசமாக வரும் சரக்கின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், அதை வைத்துக்கொள்கிறவரின் கணக்கில் 10 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வருமான வரி இலாகாவின் கண்ணுக்கு அது வேலைக்குக் கிடைத்த வரவு. கொடுக்கிற கம்பெனியின் வாயில் மட்டும் அது "அன்பளிப்பு".

பத்திரிகைகள் கண்ட வழி

விளம்பரம் கொடுப்பவருக்கும் அதை ஏந்திச் செல்பவருக்கும் இடையே நம்பிக்கையை உண்டாக்குவது எப்படி என்ற கேள்வி புதிதல்ல. பத்திரிகைத் தொழில் இதே கேள்வியை எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்திருக்கிறது. ஒரு பத்திரிகை, தான் இத்தனை பிரதி விற்பதாகச் சொல்லும். விளம்பரதாரர் எப்படி நம்புவது? 1948-ல் பம்பாயில் ஏ.பி.சி. என்ற விற்பனைத் தணிக்கை அமைப்பு தோன்றியது இதற்காகத்தான். பத்திரிகை அதிபர்கள், விளம்பரதாரர்கள், ஏஜென்சிகள் ஆகிய மூன்று தரப்பாரும் அதில் இருக்கிறார்கள். பத்திரிகையின் சொந்தக் குமாஸ்தா எழுதிய கணக்கு செல்லாது; வெளியார் ஆடிட்டர் வந்து பார்த்த கணக்கே செல்லும்.

பணம் வசூலாவது இன்னொரு பிரச்சினை. அதற்கு 1939-ல் தொடங்கிய பத்திரிகை அதிபர்களின் சங்கம் ஒரு வழி கண்டது. அது இன்று இந்தியன் நியூஸ்பேப்பர் சொசைட்டி என்று அழைக்கப்படுகிறது. சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்கு 15 சதவீதக் கமிஷன், பாக்கியைக் கட்ட வரையறுத்த தவணை என்று ஏற்பாடு. தவணை தவறினால் ஒரு பத்திரிகையோடு மட்டும் தகராறு அல்ல, அங்கீகாரத்துக்கே ஆபத்து. ஆகவே சிறிய ஊர்ப் பத்திரிகைக்குத் தனியாக இல்லாத பலம் சங்கத்தால் கிடைத்தது. இந்த முறைகளில் குறையே கிடையாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எண்ணிக்கையை எண்ணுவதற்கு ஒரு வழியும், பணம் வருவதற்கு ஒரு தவணையும் இருந்தன.

அல்சூர் அக்காவுக்குச் சங்கம் இல்லை. அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் தனித்தனியே தங்கள் தங்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். ஒருவருக்கு என்ன தொகை கிடைத்தது என்பது மற்றவருக்குத் தெரியாது. இந்த இடத்தில்தான் தளம் வருகிறது. ஆனால் தளம் என்பது சங்கம் அல்ல, வியாபாரம். அதற்குப் பணம் கொடுப்பது கம்பெனி. யார் பணம் கொடுக்கிறாரோ அவர் பக்கம் சாய்வது வியாபாரத்தின் இயற்கை. அமெரிக்காவில் 2013-ல் ஃபேம்பிட் என்றொரு தளம் தொடங்கியது. சிறிய வீடியோக்காரர்கள் தாங்களே உள்ளே போய், கம்பெனிகளின் வேலைகளைப் பார்த்து, "நான் செய்கிறேன்" என்று விலை சொல்லும் சந்தை அது. 2016-ல் கூகுள் அதை வாங்கியது. 2020-ல் பெயர் பிராண்ட்கனெக்ட் என்று மாறியது. சிறியவர்கள் தாமாக நுழைந்து விலை சொல்லும் பழைய முறையும் அந்த ஆண்டோடு நின்றது. சிறியவர்களுக்காகத் திறந்த கடை, வளர்ந்த பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டதற்கு இது ஓர் உதாரணம். இங்கே தளம் வரைகிறவர்கள் முதல் நாளிலிருந்தே இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பணமே முதல் கதவு

வரைபடத்தில் முதலில் வர வேண்டியது பணத்தின் இடம். இன்று பல இடங்களில் வழக்கம் இப்படி இருக்கிறது: வேலை, பிறகு ஒப்புதல், பிறகு பில், பிறகு காத்திருப்பு, கடைசியில் பணம். இதைத் தலைகீழாக மாற்றுவது ஒன்றும் அசாத்தியமல்ல. கம்பெனி வேலையை அறிவிக்கும்போதே முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். கட்டாத வேலை யார் கண்ணுக்கும் தெரியவே கூடாது. கட்டிய பணம் கம்பெனியிடமும் இருக்காது, தளத்தின் சொந்தக் கணக்கிலும் இருக்காது. வங்கியில் தனிக் கணக்கில் பூட்டிக் கிடக்கும். இதற்கான முன்மாதிரி ஏற்கனவே இருக்கிறது. இணைய வியாபாரத்தில் பணம் வாங்கிப் பட்டுவாடா செய்யும் நிறுவனங்கள் வியாபாரிகளுக்குச் சேர வேண்டிய பணத்தை வங்கியில் தனிக் கணக்கில்தான் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லேயே விதி செய்தது. தளம் நொடித்துப் போனாலும் அக்காவின் 3,000 ரூபாய் கடன்காரர்களின் வரிசையில் போய் நிற்கக் கூடாது.

வேலை முடிந்து வீடியோ கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் கடிகாரம் ஓட வேண்டும். மூன்று நாளுக்குள் சரி என்றோ, இன்னது சரியில்லை என்றோ கம்பெனி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சரி என்றே பொருள். பணம் தானாக விடுபட வேண்டும். இன்று மௌனத்தால் நஷ்டப்படுகிறவர் வேலை செய்தவர். மௌனத்தின் செலவை மௌனம் சாதிப்பவர் தலையிலேயே வைத்தால் பதில்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக வரும் என்பதைப் பார்க்கலாம். திருத்தமும் இரண்டு முறைக்கு மேல் கேட்டால் தனிக் கூலி. தையல்காரர்கூட மூன்றாம் முறை பிரித்துத் தைக்கக் காசு கேட்கிறார்.

பணம் முதலில் வருவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இது அதிகம் பேசப்படுவதில்லை. நேர்மையான கம்பெனி 90 நாள் தவணை சொல்கிறது. சூதாட்டச் செயலி நடத்துகிறவனோ ரொக்கத்தை முன்கூட்டியே நீட்டுகிறான். வாடகைக்குத் தவிக்கும் இளைஞர் எந்தப் பக்கம் கை நீட்டுவார்? பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் பயமுறுத்தும். ஆனால் நல்ல சரக்குக்காரன் நேரத்தில் காசு கொடுத்தால் பயமுறுத்த வேண்டிய அவசியமே பாதி குறையும்.

எண்ணிக்கையும் உரிமையும்

கம்பெனிகளின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பின்தொடர்பவர்களைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. 5,000 பேர் என்று காட்டுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பெயரும் முகமும் இல்லாத கணக்குகள். சரக்கை வாங்கிக்கொண்டு வீடியோ போடாமல் மறைந்து விடுகிறவர்களும் இல்லாமல் இல்லை. இவர்களால் கெடுவது கம்பெனி மட்டுமல்ல; பக்கத்துத் தெருவில் உண்மையாக உழைப்பவரின் விலையும் விழுகிறது. ஆகவே ஏ.பி.சி. செய்ததைப் போன்ற ஒரு தணிக்கை இங்கேயும் வேண்டும். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற மொத்தத் தலைக்கணக்கு போதாது. எந்த ஊரார் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்களா என்பதே சிறியவரின் உண்மையான சொத்து. பெங்களூரில் 2,000 தமிழ்க் குடும்பங்கள் பார்க்கும் ஒருவர், ஊர் பேர் தெரியாத 50,000 பேர் பார்க்கும் ஒருவரைவிட அல்சூர் மளிகைக் கடைக்கு உபயோகமானவர்.

தணிக்கை இருபுறமும் இருக்க வேண்டும். வீடியோக்காரருக்கு நட்சத்திரக் குறி போட்டு வரிசைப்படுத்துவதில் தளங்களுக்குத் தனி ஆசை. கம்பெனிக்கு யார் குறி போடுவது? பணம் முன்னதாகக் கட்டும் ஏற்பாடு வரும் வரையிலாவது, "இந்தக் கம்பெனி சராசரியாக இத்தனை நாளில் பணம் கொடுக்கிறது" என்ற ஒரே ஒரு வரியைக் கம்பெனியின் பெயருக்குக் கீழே போடட்டும். பல பெரிய பெயர்களின் வேஷம் அந்த ஒரு வரியில் கலைந்துவிடும்.

வீடியோ யாருக்குச் சொந்தம் என்பதும் பலர் யோசிக்காத விஷயம். ஒரு நாள் போடுவதற்காக எடுத்த படத்தைக் கம்பெனி தன் கடை வாசலிலும் வேறு விளம்பரங்களிலும் வருஷக் கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதாவது, படிக்காமல் "சம்மதம்" என்று அழுத்துகிறவர் தன் முகத்தை 5 ஆண்டுக்கு வாடகைக்கு விட்டவர் ஆகலாம். தளம் இந்த இடத்தை வெற்றாக விடக் கூடாது. 3 மாதத்துக்கு ஒரு விலை, ஓராண்டுக்கு ஒரு விலை என்று கட்டம் போட்டு, நிரப்பினால்தான் மேலே போகலாம் என்று வைக்க வேண்டும்.

பார்க்கிற ஜனங்களுக்கும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. பணம் வாங்கியோ, இலவசச் சரக்கு வாங்கியோ ஒன்றைப் புகழ்ந்தால் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. எந்த மொழியில் புகழ்கிறாரோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். தமிழ் வீடியோவின் மூலையில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் ஏதோ போடுவது இதற்கு ஈடாகாது. தவறான விளம்பரத்தில் பங்கு கொண்டவருக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. 3,000 ரூபாய் வாங்கியவருக்கு 10 லட்சம் அபராதம் என்றால் என்ன ஆவது? வீடியோ ஏறும்போதே "விளம்பரம்" என்ற சொல்லைத் தமிழில் தளமே பொறித்துவிட்டால் வேலை தீர்ந்தது.

சட்டம் இருக்கிறது, கேட்பார் வேண்டும்

சிறு தொழில் செய்பவரின் பாக்கியை 45 நாளுக்கு மேல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி என்று 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. சேவைத் தொழிலும் இதில் அடங்கும். ஆனால் வேலை செய்வதற்கு முன்பே உத்யம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆதார் எண் இருந்தால் இணையத்திலேயே பதியலாம், கட்டணம் கிடையாது. பதிந்து தருகிறேன் என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தரகர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. தளத்தில் பெயர் பதியும்போதே இதையும் கேட்டு வாங்கி வைத்தால், தாமதிக்கும் கம்பெனிக்கு வட்டிக் கணக்குத் தானாகப் போகும். ஜி.எஸ்.டி. எண் இல்லை என்று பணத்தை நிறுத்துவதும் ஒரு சாக்குத்தான். கர்நாடகம் உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலருக்குப் பொதுவாக அந்தப் பதிவு கட்டாயம் இல்லை.

கர்நாடக அரசு 2025-ல் தளத் தொழிலாளர்களின் நலனுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆட்டோ, டாக்சி ஓட்டுகிறவர்களுக்கும் சாப்பாடு கொண்டுபோகிற பையன்களுக்கும் உரியது என்றுதான் பலரும் அதை நினைக்கிறார்கள். அதன் அட்டவணையில் வீடியோ முதலிய படைப்பு, ஊடக சேவைகளும் இடம்பெற்றிருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. தளம் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்கு வசூலிக்க அதில் இடம் உண்டு. கோரமங்கலாத் தளங்கள், "எங்கள் ஆட்கள் தொழிலாளிகள் அல்லர், கலைஞர்கள்" என்று நழுவப் பார்க்கக்கூடும். மாதம் நாலு வீடியோ போட்டு 8,000 ரூபாய் வாங்குகிறவரைக் கலைஞர் என்று புகழ்வதால் அவருடைய ஆஸ்பத்திரிச் செலவு தீர்ந்துவிடாது. தொழிலாளர் இலாகா இதை இப்போதே தெளிவுபடுத்த வேண்டும்.

ஒப்பந்தம் எளிய மொழியில் இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் எதிர்பார்ப்பு. எளிய ஆங்கிலம் யாருக்கு எளிது? தமிழ்க்காரரின் முகத்தையும் தமிழ்ப் பேச்சையும் விலைக்கு வாங்கும் தளம், ஒப்பந்தத்தையும் தமிழில் கொடுக்க வேண்டும். கன்னடக்காரருக்குக் கன்னடத்தில், உருதுக்காரருக்கு உருதுவில். இருபது பக்கம் வேண்டியதில்லை. எத்தனை ரூபாய், எந்தத் தேதியில், எத்தனை திருத்தம், எத்தனை மாத உரிமை என்ற நான்கும் கைப்பேசியின் ஒரே திரையில், "சம்மதம்" என்ற பொத்தானுக்கு மேலே, கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் இருந்தால் போதும்.